வலிக்காத கண்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

இரண்டு வருஷமாக நீ போனை எடுப்பதில்லை. என் நம்பரையே வராமல் தடுத்துவைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். தபால்காரரைத் தடுக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

சண்டையைப் பற்றி எழுதவில்லை. தண்ணீரைப் பற்றி. இந்தப் பார்சலில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கிறது. எங்கள் வீட்டுக் குழாயில் பிடித்தது. ஒரு மாதமாகக் காலையில் முகம் கழுவியதும் வலது கண்ணில் புகை அடித்த மாதிரி இருக்கிறது. பதினொரு மணிக்கு மேல் கொஞ்சம் தெளியும். முன்னே அப்படி. இப்போது மத்தியானம் வரை போகிறது. பூட்டுக்குள் இருக்கும் பின்-ஊசி எது, நிழல் எது என்று தெரியாமல் நேற்று ஒரு சாவியை மூன்று முறை வெட்டினேன். உனக்குத்தான் தெரியுமே, நான் ஒரு சாவியை இரண்டாவது முறை வெட்டியதே கிடையாது.

"எல்லாம் இந்தத் தண்ணி பண்ற வேலைங்க. உங்க அக்காதான் ஊர் தண்ணியெல்லாம் டெஸ்ட் பண்றாங்கல்ல, அவங்களுக்கு அனுப்புங்க" என்றாள் வீட்டில். அனுப்பிவிட்டேன். பதில் தண்ணீரைப் பற்றி மட்டும் இருந்தாலும் போதும்.

தம்பி


பிப்ரவரி 16

தம்பிக்கு,

பாட்டில் வந்தது. மூடியைச் சரியாக மூடாததால் உன் கடிதம் பாதி நனைந்திருந்தது. பாட்டிலில் முன்பு எலுமிச்சை ஜூஸ் இருந்திருக்கிறது, வாசனை போகவில்லை. மாதிரி எடுக்கும் முறை இது இல்லை. உங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் நிலையத்திலிருந்து சுத்தமான மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டையும் சேர்த்தே பார்த்தேன்.

உப்பு, குளோரின், இரும்பு, கிருமி எல்லாம் இருக்கவேண்டிய அளவுக்குள் இருக்கின்றன. எங்கள் குடியிருப்புத் தண்ணீர் இதைவிட மோசம். அந்தத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு நான் கண்ணுக்குள் லென்ஸ் வைக்க ஆரம்பித்து இருபது வருஷமாகிறது. முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் உறுத்தும், எப்போது கழற்றுவோம் என்றிருக்கும். இப்போது உள்ளே இருப்பதே மறந்துபோகிறது. அதனால் தண்ணீர் மேல் பழி போடாதே. குறை தண்ணீரில் இல்லை.

மூன்று கேள்விகள். கண்ணில் வலி இருக்கிறதா? சிவந்திருக்கிறதா? கடைசியாக உன் சர்க்கரையை எப்போது பார்த்தாய்? எண்ணாகச் சொல். "பரவாயில்லை" என்பது எண் இல்லை.

அக்கா


பிப்ரவரி 22

அக்காவுக்கு,

நாலு வரியில் எழுதினாலும் உன் குரல் அப்படியே கேட்கிறது. பட்டறையில் மீசையிடம் படித்துக்காட்டினேன். மீசை என் கூட்டாளி. உனக்கு நினைவிருக்கும், அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர். "உங்க அக்கா கோர்ட்ல இருக்க வேண்டியவங்கய்யா" என்றார்.

வலி துளிகூட இல்லை. அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வலிக்கிற கண்ணாக இருந்தால் முதல் நாளே போயிருப்பேன்.

சொன்னால் உனக்கே பெருமையாக இருக்கும். கிரைண்டரில் பூட்டை அறுக்கும்போது பொறி தெறிக்கும், தூள் பறக்கும். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடுவார்கள். நான் அசையமாட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் கண் காய்த்துப்போய்விட்டது, உள்ளங்கை காய்த்துப்போகிற மாதிரி. பாதுகாப்புக் கண்ணாடி எனக்குத் தேவையே இல்லை. டீ வரும் நேரத்தில் இங்கே ஒரு போட்டி வைப்போம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணை இமைக்காமல் பார்க்க வேண்டும், மூன்றாவது ஆள் முகத்தில் ஊதுவார். ஒரு வருஷமாக என்னை ஜெயித்தவர் கிடையாது. எனக்கு இங்கே பெயரே இரும்புக்கண்தான்.

போன வாரம் போட்டி நடக்கும்போது மீசை திடீரென்று ஊதுவதை நிறுத்திவிட்டார்.

"யோவ், உன் கண்ணுல என்னய்யா மின்னுது?"

"வைரம்யா. உனக்கு வேணுமா?"

"விளையாடாதய்யா. இரும்புத்தூள் ஒட்டியிருக்கு. கருப்பு முழி மேலயே இருக்கு."

பேப்பரை மடித்து அதன் முனையால் எடுத்துவிட்டார். இங்கே ஒருத்தர் கண்ணில் விழுந்ததை இன்னொருத்தர் அப்படித்தான் எடுப்போம். எப்போது விழுந்ததென்றே எனக்குத் தெரியவில்லை. எடுத்ததும் தெரியவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

சர்க்கரை பார்த்து ஒரு வருஷம் இருக்கும். மாத்திரை ஞாபகம் வந்தால் போடுகிறேன். நீ கேட்ட மாதிரியே நானும் கேட்கிறேன். சர்க்கரை இருந்த அம்மாவுக்கு நான் மட்டுமா பிள்ளை? உன் எண் என்ன?

தம்பி


பிப்ரவரி 26

தம்பிக்கு,

உன் கடிதத்தை ஆய்வகத்தில் நின்றுகொண்டே படித்தேன். கைதட்டினார்கள் என்ற இடத்தில் கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்துவிட்டேன், இல்லாவிட்டால் விழுந்திருக்கும்.

கண் காய்த்துப்போகாது. உள்ளங்கைதான் காய்க்கும்.

எங்களுக்கு எதிரில் ஒரு கண் மருத்துவமனை இருக்கிறது. அதன் தண்ணீரைச் சோதிப்பது நாங்கள்தான். அங்கே கருவிழி மட்டும் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் உண்டு. தண்ணீர் எடுக்கப் போகும் எங்கள் ஊழியருடன் நானும் போய், அவரை வாசலில் பிடித்து உன் கடிதத்தைச் சொன்னேன். இரும்புத்தூள் என்றதும் அவர் நடப்பதை நிறுத்திவிட்டார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

கருவிழிக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. கார்னியா என்பார்கள். நம் உடம்பில் நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் அது ஒன்று. ஒரு தூசி பட்டாலே நாம் துடிப்பது அதனால்தான். வருஷக்கணக்காகச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் அந்த நுனிகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. பிறகு கண்ணில் எது பட்டாலும் தெரியாது. இமைப்பது குறையும், கண்ணீர் குறையும், காய்ந்துபோகும். படலத்தின் மேல்தோல் அடியிலிருக்கும் பகுதியோடு சரியாக ஒட்டாமல் லேசாக உரசினாலே உரிந்துவிடும். உரிந்த இடம் ஆறாது. ஆறாத இடத்தில் கிருமி உட்காரும். அது ஓட்டைவரை போகலாம். இவ்வளவும் வலியே இல்லாமல் நடக்கும்.

நீ போட்டியில் ஜெயிக்கவில்லை. உன் கண் உன்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டது.

பஞ்சை நூல்போலத் திரித்து அதன் நுனியால் படலத்தைத் தொட்டுப் பார்ப்பார்களாம். நல்ல கண் உடனே மூடிக்கொள்ளும். அந்தப் பரிசோதனையை இன்றைக்கே செய்துகொள். நாளைக்கு இல்லை. மீசையிடம் இனி யார் கண்ணிலும் பேப்பரை நுழைக்க வேண்டாம் என்று சொல். என்னைப் பற்றிய பேச்சு இப்போது வேண்டாம்.

அம்மாவின் கால் நினைவிருக்கிறதல்லவா?

அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

நினைவிருக்கிறதா என்று என்னிடம் கேட்கிறாய்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருபது பேர் முன்னால் நீ என்ன கேட்டாய் என்பதும் நினைவிருக்கிறது. "ஒரே வீட்ல இருந்துக்கிட்டு அவ்வளவு பெரிய புண்ணு உன் கண்ணுக்குத் தெரியலையாடா?" என்றாய். அம்மா போன பிறகு நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். என் கண்ணைப் பற்றித்தான் அன்றைக்கும் கேட்டாய்.

தெரியவில்லை அக்கா. அம்மா வீட்டுக்குள்ளேயும் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தாள். காலுறையைக் கழற்றமாட்டாள். நொண்டவில்லை. "என்னம்மா, கால் ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டால் "ஒண்ணும் வலிக்கலடா, போய் வேலையைப் பாரு" என்பாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு வலிக்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்தச் செருப்பைக் கழற்றியபோது உள்ளே ஒரு சாவி கிடந்தது. சூட்கேஸ் சாவி, விரல் நகம் அளவு. நான் வெட்டியது. என் சட்டைப் பையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். அதன் மேல் எத்தனை நாள் நடந்தாளோ. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ கேட்டபோது அது என் கைக்குள் இருந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் அவள் இன்று காலையில் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "ஏங்க, கருப்புல சுண்ணாம்பு வெச்ச மாதிரி வெள்ளையா இருக்கே" என்றாள். நான் கண்ணாடியில் பார்க்கவில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன். வரிகள் கீழே இறங்கினால் மன்னித்துக்கொள்.

ஆனால் உன் எண்ணைக் கேட்டேன், நீ நழுவிவிட்டாய். எல்லாருக்கும் கேள்வி கேட்பாய், உன்னிடம் யாரும் கேட்கக்கூடாது. அந்தப் பஞ்சுநூலை நீ முதலில் தொட்டுக்கொள். தொட்டுக்கொண்டேன் என்று எழுது. அன்றைக்கே நானும் போகிறேன். அதுவரை போகமாட்டேன். நீ என்ன திட்டினாலும் சரி.

தம்பி


மார்ச் 7

தம்பிக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

செய்துகொண்டேன். இன்று மத்தியானம். டாக்டரம்மா பஞ்சுநூலை ஓரத்திலிருந்து கொண்டுவந்து வலது கண்ணைத் தொட்டார். தொட்டதும் துள்ளி, நாற்காலியோடு பின்னால் போய்விட்டேன். அவர் சிரித்துவிட்டார். இடது கண்ணிலும் அப்படியே. சர்க்கரை, சாப்பிடும் முன் நூற்றிரண்டு. நீ கேட்ட எண் அது.

இனி உனக்குச் சாக்கு கிடையாது. வெள்ளையாக இருக்கிறது என்று உன் மனைவி சொன்ன பிறகு ஒரு மணி நேரம்கூட வீட்டில் இருக்கக்கூடாது. சாவியைப் பற்றி இப்போது எழுத என்னால் முடியவில்லை. போ. கிளம்பு.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

எழுத்து என்னுடையது இல்லை, வீட்டில் அவள் எழுதுகிறாள். நான் சொல்வதை அப்படியே எழுது, நீயாகச் சேர்க்காதே என்று சொல்லியிருக்கிறேன். (சேர்க்க மாட்டேன் அண்ணி. ஆனா ரெண்டு நாளா இவர் சாப்பிடலை.)

உன் கடிதம் வந்த ஒன்பதாம் தேதியே போனேன். நீ துள்ளியதாக எழுதியதை மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டே போனேன். நாமும் துள்ளிவிட்டால் ஒன்றும் இல்லை, வீட்டுக்கு வந்துவிடலாம் என்று. இங்கே நாற்காலியைத் தரையோடு திருகி வைத்திருக்கிறார்கள், பின்னால் போக முடியாது. அங்கே வேறு மாதிரி போலிருக்கிறது.

முகவாயை ஒரு தட்டில் வைக்கச் சொன்னார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர். அசையாமல் இருங்கள் என்றார். நான் காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை.

"ஆரம்பிங்க டாக்டர், பரவாயில்ல. நான் தயாராத்தான் இருக்கேன்" என்றேன்.

"நாலு தடவை தொட்டுட்டேனே" என்றார்.

அக்கா, துள்ளுவதற்காக நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

இடது கண்ணில் ஏதோ பட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பிறகு மஞ்சளாக ஒரு மருந்தை விட்டு நீல விளக்கில் பார்த்தார்கள். வலது கண்ணில் ஒரு இடம் பச்சையாக ஒளிர்ந்ததாம், பட்டாணி அளவு. இவளையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். அது புண். சுற்றிலும் இரும்புத் துரு. "இவ்வளவு புண்ணோட வர்றவங்க கத்திக்கிட்டு வருவாங்க. நீங்க எப்படி உட்கார்ந்திருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டார். இரும்புக்கண் என்று சொல்ல வாய் வரவில்லை.

சர்க்கரை முந்நூற்று நாற்பது. என்னை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். மணிக்கு ஒரு முறை சொட்டு மருந்து. என் ரத்தத்தையே எடுத்து, அதில் தெளியும் நீரைச் சொட்டு மருந்தாக விடப்போகிறார்களாம். கண் காயாமல் இருக்க இமையின் ஓரத்தைச் சேர்த்துத் தைக்கிறார்கள், நாளைக்குக் காலையில். ஒரு பூட்டை எத்தனை தடவை பிரித்துப் போட்டிருக்கிறேன். இப்போது என் கண்ணைப் பூட்டுகிறார்கள். தங்குமா என்று கேட்டேன். "புண் எவ்வளவு ஆழம் போகுதுன்னு பார்க்கணும்" என்கிறார். வேறு எதுவும் சொல்லமாட்டேன் என்கிறார்.

நீ துள்ளினாயே, அதுவரைக்கும் நிம்மதி. அம்மாவின் வியாதி என்னோடு நிற்கட்டும்.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

இதை உன் மனைவி உனக்குப் படித்துக்காட்டுவாள். அவளும் கேட்கட்டும்.

மார்ச் ஏழாம் தேதி நான் எழுதியது பொய். அன்று நான் தெருவைக் கடக்கவே இல்லை. ஆய்வக மேஜையில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் மருத்துவமனை வாசலைப் பார்த்துக்கொண்டே அந்தக் கடிதத்தை எழுதினேன். துள்ளியது, நாற்காலி, டாக்டரம்மாவின் சிரிப்பு, நூற்றிரண்டு எல்லாம் நான் இட்டுக்கட்டியவை. இருபத்தைந்து வருஷ வேலையில் பார்க்காத அளவை நான் ஒரு தாளிலும் எழுதியதில்லை. உன்னை எப்படியாவது கிளப்ப வேண்டும் என்று ஒன்றை எழுதினேன். உன்னைக் கிளப்ப மட்டும்தான் என்று சொன்னால் அதுவும் பொய். எனக்குப் பயம்.

எனக்குச் சர்க்கரை இருப்பது நாலு வருஷமாகத் தெரியும். அதற்கு முன்னால் எத்தனை வருஷம் இருந்ததோ தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். ஆதாரம் வந்துவிடக்கூடாது என்பதற்காகப் பரிசோதனைக்கே போகாமல் இருந்தேன்.

துள்ளுவதற்காகக் காத்துக்கொண்டே இருந்தேன் என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்றே தெருவைக் கடந்தேன்.

இங்கேயும் நாற்காலி தரையோடு திருகித்தான் வைத்திருக்கிறது.

லென்ஸைக் கழற்றச் சொன்னார்கள். "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போடுறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். காலையிலிருந்து படுக்கும்வரை என்றேன். உறுத்தாதா என்றார். முன்பு உறுத்தும், இப்போது இல்லை என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கு முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன், பெருமையாக, தண்ணீர் நல்லது என்பதற்கு அத்தாட்சியாக. உன் தூள் மாதிரிதான் என் லென்ஸும்.

இடது கண்ணில் நூல் பட்டது கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது. வலது கண்ணில் தெரியவில்லை. நூலின் நுனி கிட்டே வருவதைப் பார்த்தேன், அது மங்கலாகி மறைந்ததைப் பார்த்தேன், தொட்டது தெரியவில்லை. நீல விளக்கில் பொடிப்பொடியாகப் பச்சைப் புள்ளிகள் இருப்பதாகச் சொன்னார். இன்னும் புண்ணாகவில்லை. லென்ஸை அவரே வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டார். சர்க்கரை இருநூற்று எழுபத்தாறு. இது பார்த்த எண்.

இன்னொன்று. அம்மாவின் கடைசி மூன்று மாதமும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் போனில் பேசினேன். "கால் வலிக்குதாம்மா?" என்று கேட்பேன். "இல்ல" என்பாள். நிம்மதியாக வைத்துவிடுவேன். சர்க்கரைக்காரர்களுக்குக் கால் மரத்துப்போகும் என்று படித்தவள் நான். வலிக்குதா என்று கேட்டேனே தவிர, காலுறையைக் கழற்றிப் பார் என்று உன்னிடம் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. வராந்தாவில் உன்னைக் கேட்ட கேள்வி என்னைக் கேட்டிருக்க வேண்டியது. கேட்க ஆளில்லாததால் உன்னைக் கேட்டேன்.

சாவியைத் தூக்கிப் போட்டுவிடு. அது இல்லாவிட்டால் ஒரு கல் இருந்திருக்கும்.

இமையைத் தைத்துவிட்டார்களா? புண் நின்றதா? யாராவது ஒரு வரி எழுதுங்கள்.

அக்கா


மார்ச் 29

அக்காவுக்கு,

நானே எழுதுகிறேன். எழுத்து கொட்டை கொட்டையாக இருக்கும், பக்கம் வீணாகும், திட்டாதே.

உன் கடிதத்தை இவள் படித்தபோது பாதியில் நிறுத்திவிட்டாள். பிறகு, "உங்க வீட்ல எல்லாரும் ஒரே அச்சு" என்று சொல்லிவிட்டு மேலே படித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. நீ பொய் எழுதாவிட்டால் இன்னும் ஒரு வாரம் வீம்பு பண்ணியிருப்பேன். "ஒரு வாரம் தாமதிச்சிருந்தா ஓட்டை விழுந்திருக்கும்" என்று டாக்டர் சொன்னார். அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நூற்றிரண்டுக்கு இன்னும் கணக்கு பாக்கி.

இமை ஓரத்தைத் தைத்திருக்கிறது. கண் பாதி திறந்திருக்கிறது. புண் நின்றுவிட்டது, ஆனால் ஆறமாட்டேன் என்கிறது. போன வாரம் பட்டாணி, இந்த வாரம் மிளகு. நேற்று மறுபடி கொஞ்சம் பெரிதாகி, இன்று சுருங்கியிருக்கிறது. தழும்பு நிற்கும், அந்த இடத்தில் பார்வை மங்கல்தான் என்கிறார்கள். பூட்டு வேலைக்கு இடது கண் போதுமா என்று கேட்டேன். "முதல்ல இடது கண்ணைக் காப்பாத்துங்க" என்றார். அன்றிலிருந்து ராத்திரி பகல் இல்லாமல் அதே நினைப்பு.

மீசை பார்க்க வந்தார். பட்டறையில் போட்டி கிடையாது, எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கி ஆணியில் மாட்டிவிட்டார். போட்டியில் தோற்றவர்களெல்லாம் இப்போது ஒழுங்காகச் சர்க்கரை பார்க்கிறார்களாம். தன் கண்ணை நாலு முறை இமைத்துக் காட்டிவிட்டு அழுதார் அந்த மனுஷன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். "வலியை நம்பாதீங்க. அது இனி உங்களுக்கு வராது. தினமும் காலைல வெளிச்சத்துல வெச்சு வேற ஒருத்தர் உங்க கண்ணைப் பார்க்கணும். சிவப்பா, வெள்ளையா, மங்கலான்னு பார்த்துச் சொல்லணும்." எனக்கு இவள் இருக்கிறாள். உனக்கு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? நீ கண்ணாடியைப் பார்த்து உனக்கு நீயே நூற்றிரண்டு என்று எழுதிக்கொள்வாய். உன்னை நான் நம்பமாட்டேன்.

என் நம்பரைத் திறந்துவிடு. காலை ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறேன். ஜன்னல் பக்கம் வந்து போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடி. என் இடது கண் நன்றாகத்தான் தெரிகிறது, அதை வைத்துப் பார்க்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். திறக்கும் இடம் தெரியாமல் ஆய்வகத்தில் ஒருவரைக் கேட்டுத்தான் செய்தேன். யாருடைய நம்பர் என்று கேட்டார், தம்பியுடையது என்றேன்.

லென்ஸ் இல்லாமல் தடித்த கண்ணாடி போட்டிருக்கிறேன். பார்த்ததும் சிரிக்காதே. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடுகிறேன். இன்று காலை கண்ணாடி முன் நின்று கண்ணை விரித்துப் பார்த்தேன். ஓரத்தில் லேசான சிவப்பு இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. எனக்கு வேண்டியதைத்தான் நான் பார்க்கிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. நீ பார்த்துச் சொல்.

இந்தக் கடிதம் உனக்கு வியாழக்கிழமை கிடைக்கும். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கிழக்கு ஜன்னலில் நிற்பேன். முதலில் உன் வலது கண், பிறகு இடது. அதற்குப் பிறகு என்னுடையது. எப்படி இருக்கிறாய் என்று ஆரம்பிக்க வேண்டாம். வலிக்கிறதா என்று நான் கேட்கமாட்டேன், நீயும் கேட்காதே.

கண்ணைக் காட்டு. போதும்.

அக்கா